துடுப்பு வலித்த பள்ளிப் பிள்ளைகள்

(பிரிக்பீல்ட்ஸில் முன்னாள் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பள்ளிப் படகு மன்றங்களைப் பற்றி நான் பேசப்போகிறேன் என்று அழைப்பிதழில் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் போன் போட்டார். “ஏன் சார், பிரிக்பீல்ட்ஸில் ஏது படகு? பெருமழை பெய்தால் தெருவில் விடலாமே, அதைச் சொல்கிறீர்களா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடத்திலிருந்து நடந்தால் கிள்ளான் ஆறு வந்துவிடும். ஆனால் இங்கே பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேர் அந்த ஆற்றில் கை நனைத்திருப்போம்? எனக்கு எழுபது வயது நெருங்குகிறது. நான் நனைத்ததில்லை.

இருந்தாலும் இந்த ஊர் படகில் வந்த ஊர். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1857இல் கிள்ளானில் ராஜா அப்துல்லா மலாக்கா வணிகர்களிடம் கடன் வாங்கி, 87 சீனத் தொழிலாளர்களை ஈயம் தேட ஆற்று வழியாக அனுப்பினார். அவர்கள் மேல்நோக்கிக் கோல் ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டு, கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கலக்கும் முக்குக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்கு மேல் சரக்கோடு படகு போகாது. இறங்கி அம்பாங் பக்கம் காட்டுக்குள் நடந்தார்கள். ஒரு மாதத்துக்குள் 69 பேரைக் காய்ச்சல் கொண்டுபோனது. மிச்சம் 18 பேர். மறுபடியும் ஆள் திரட்டி, மறுபடியும் படகில்தான் அனுப்பினார்கள். கோலாலம்பூர் என்ற பெயருக்கே சேறான முகத்துவாரம் என்று பொருள் சொல்வார்கள். படகு நின்ற இடம்தான் ஊராயிற்று.

இந்த ஊர்த் தமிழர்களின் முன்னோடி கா. தம்புசாமிப் பிள்ளை 1875இல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் டேவிட்சனோடு சிலாங்கூருக்கு வந்தபோதும் ரயில் கிடையாது. அப்போது ஆட்சிப்பீடம் கிள்ளானில் இருந்தது. 1880இல்தான் கோலாலம்பூருக்கு மாறியது. அந்த நாட்களில் கிள்ளானிலிருந்து ஆற்றில் டாமன்சாரா வரைக்கும் வருவார்கள். அங்கிருந்து தரை வழி. ஆற்றிலேயே கோலாலம்பூர் வரை வருவதென்றால் நாட்கணக்கில் ஆகும்.

1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு எதிரே புக்கிட் கூடா வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. 1890இல் ஆற்றுக்கு மேலே பாலம் போட்டுக் கிள்ளானுக்கே ரயில் போய்விட்டது. அதோடு படகுக்காரன் பிழைப்பு போயிற்று. அந்த ரயிலுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களும் நிலைய அதிகாரிகளும், தமிழ்நாட்டிலிருந்து தண்டவாளத் தொழிலாளர்களும் வந்தார்கள். அவர்கள் குடியிருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். அதாவது, துடுப்பு தோற்ற இடத்தில் தமிழன் குடியேறினான். நான் இப்படிச் சொன்னால் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த என் அண்ணனுக்குக் கோபம் வரும். ஆனாலும் அதுதான் கணக்கு.

சரி, ரயில்தான் படகை விரட்டியது என்று முழுப் பழியையும் ரயில் மேல் போட முடியுமா? முடியாது. லண்டனில் ரயில் வந்த பிறகுதான் தேம்ஸில் படகுப் பந்தயம் பெருவிழாவாயிற்று. கூட்டத்தை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டியதே ரயில்தான். இங்கே நடந்தது வேறு. ஈயச் சுரங்கங்களில் மண்ணைத் தண்ணீர் பாய்ச்சிக் கரைத்து, ஈயத்தைப் பிடித்துக்கொண்டு, மண்ணை ஆற்றில் விட்டார்கள். ஆற்றின் அடி உயர்ந்துகொண்டே வந்தது. மழை இல்லாத நாளில் முழங்கால் தண்ணீர், மழை பெய்த நாளில் வீட்டுக்குள் தண்ணீர். அப்படிப்பட்ட ஆற்றில் பந்தயப் படகு எப்படி ஓடும்? வெள்ளைக்காரன் போன இடமெல்லாம் தன் விளையாட்டைத் தூக்கிக்கொண்டு போனான். இங்கே 1884இல் சிலாங்கூர் கிளப்பைத் தொடங்கி, அதன் எதிரே இருந்த பாடாங் திடலில் கிரிக்கெட் ஆடினான். கால்பந்து வந்தது, ஹாக்கி வந்தது. பக்கத்திலேயே ஆறு ஓடியும் துடுப்பு மட்டும் வரவில்லை.

விக்டோரியா இன்ஸ்டிடியூஷனை எடுத்துக்கொள்ளுங்கள். 1893இல் அடிக்கல் நாட்டிய பள்ளி. சுல்தான் அப்துல் சமாட், லோக் இயூ, யாப் குவான் செங், நம் தம்புசாமிப் பிள்ளை என எல்லாரும் கை கொடுத்து எழுப்பியது. இன்றைக்கும் அங்கே தம்புசாமி பெயரில் ஒரு விளையாட்டு இல்லம் உண்டு. முதல் கட்டடம் ஹை ஸ்ட்ரீட்டில், ஆற்றங்கரையிலேயே இருந்தது. ஆற்றங்கரைப் பள்ளி என்றால் இங்கிலாந்தில் முதல் வேலையாகப் படகுக் கொட்டகை போடுவார்கள். இங்கே ஆறு பள்ளிக்குள் வந்தது. 1926 வெள்ளத்தைப் பழைய கோலாலம்பூர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெள்ளமும் இடநெருக்கடியும் சேர்ந்து அந்தப் பள்ளியை மேட்டுக்கு ஏற்றின. 1929 மார்ச்சில் பெட்டாலிங் ஹில்லில் புதிய கட்டடம் திறந்தார்கள். ஆற்றைவிட்டு ஓடிய பள்ளி அது.

இனி என் சொந்தக் கதை. இதைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டார்கள் என்று தெரியும்.

1980களின் தொடக்கத்தில் கிள்ளான் பக்கம் ஓர் இடைநிலைப் பள்ளியில் நான் வரலாற்று ஆசிரியர். பள்ளியின் பெயர் வேண்டாம். புறப்பாட நடவடிக்கைக்கு ஆளுக்கொரு மன்றத்தைத் தலையில் கட்டினார்கள். சதுரங்கம், சாரணர், செம்பிறை எல்லாம் மூத்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக மிஞ்சியது யாரோ ஒரு வள்ளல் பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போன இரண்டு கண்ணாடியிழைக் கேனோக்கள். அவை பொருட்கிடங்கில் பழைய மேசைகளுக்கு மேலே கவிழ்ந்து கிடந்தன. “நீங்கள் இளம் ஆசிரியர், நீங்களே பாருங்கள்” என்றார் தலைமையாசிரியர். எனக்கு அப்போது நீச்சல் தெரியாது. அதை நான் சொல்லவில்லை.

பதினான்கு பிள்ளைகள் சேர்ந்தார்கள். தோட்டத்துப் பையன்கள் ஆறு பேர், கம்போங்கிலிருந்து ஐந்து பேர், சீனப் பிள்ளைகள் மூன்று பேர். சனிக்கிழமை காலையில் லோரியில் கேனோக்களை ஏற்றிக்கொண்டு, ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய ஈயக்குட்டைக்குப் போவோம். அவரவர் வீட்டில் கட்டிக்கொடுத்த நாசி லெமாக், ரொட்டி, ஒரு பையனின் அம்மா மட்டும் தவறாமல் அனுப்பும் இட்லி எல்லாவற்றையும் கரையில் பரப்பி வைத்துப் பசியாறிய பிறகுதான் பயிற்சி. முதல் வாரத்திலேயே ஒரு கேனோ கவிழ்ந்தது. இரண்டு பையன்கள் சிரித்துக்கொண்டே நீந்திக் கரையேறினார்கள். கரையில் நின்ற எனக்குத்தான் கால் நடுங்கியது. அடுத்த வாரமே நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியருக்கு மாணவர்கள் கற்றுக்கொடுத்த பாடங்களில் அது ஒன்று.

மூன்று வருடம் அந்த மன்றம் உயிரோடு இருந்தது. நாங்கள் யாரோடும் போட்டியிட்டதில்லை, போட்டியிட வேறு பள்ளியும் இல்லை. குட்டையின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் எங்களுக்குள்ளேயே பந்தயம். ஒரு நீலநிற நோட்டில் தேதி, பெயர், நேரம் எல்லாம் எழுதினோம். எனக்கு மாற்றல் வந்தது. நோட்டை அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன். பல வருடம் கழித்து அந்தப் பள்ளிக்கு ஒரு விழாவுக்குப் போனபோது கேட்டேன். அலமாரியே இல்லை, கரையான் அரித்துத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். புதிய ஆசிரியர்களுக்கு அப்படி ஒரு மன்றம் இருந்ததே தெரியாது. பதினான்கு பேரில் இப்போது என் நினைவில் நிற்கும் முழுப் பெயர்கள் ஒன்பது. மற்ற ஐந்து பேரும் எனக்கு முகங்கள் மட்டும்தான்.

அதற்குப் பிறகு ஒருமுறை உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கொழும்பு போனேன். விடியற்காலையில் மச்சான் என்னைப் பேரே வாவிக்கு நடைக்குக் கூட்டிப்போனார். கோட்டைப் பக்கத்தில், நகரத்தின் நடு நெஞ்சில் கிடக்கும் பெரிய நீர்நிலை அது. தண்ணீர் பச்சை. அழகான பச்சை என்று நினைத்துவிடாதீர்கள், பாசிப் பச்சை. மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அந்தத் தண்ணீருக்குள் பள்ளிப் பையன்கள் படகை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

என் கேனோ எங்கே, அந்தப் படகு எங்கே! எட்டுப் பேர் வலிக்கும் பந்தயப் படகு ஏறத்தாழ பதினேழு, பதினெட்டு மீட்டர் நீளம். ஒரு பஸ்ஸை விட நீளம். ஆனால் போட்டி விதிப்படி எடை 96 கிலோ இருந்தால் போதும். எட்டுப் பையன்கள் அதைத் தோளில் தூக்கி வந்து, தலைக்கு மேலே உயர்த்தி, உருட்டி இடுப்பளவுக்கு இறக்கித் தண்ணீரில் வைத்தார்கள். ஒரே சத்தம்தான் கேட்டது, ஒரு சின்னப் பையனின் குரல். அவன்தான் காக்ஸ். பழைய தமிழில் மீகாமன் என்று சொல்லலாம். மற்ற எட்டுப் பேரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்க, அவன் ஒருவன் மட்டும் முன்னே பார்த்துச் சுக்கான் பிடிக்கிறான். இருப்பதிலேயே சிறிய உடம்பு அவனுடையது. அவன் ‘நிறுத்து’ என்றால் அந்தத் தடித்தடிப் பையன்கள் எட்டுப் பேரும் நிறுத்துகிறார்கள். வீட்டில் அம்மா சொன்னால் நிறுத்துவார்களா தெரியாது.

கேனோவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கிறேன். கேனோவில் துடுப்பு உங்கள் கையில் சும்மா இருக்கும், முன்னே பார்த்துத் தள்ளிக்கொண்டு போவீர்கள். இங்கே துடுப்பு படகின் ஓரத்தில் ஒரு தாங்கியில் பூட்டியிருக்கும். உட்காரும் பலகைக்குச் சக்கரம் உண்டு, முன்னும் பின்னும் ஓடும். எல்லாரும் கை பலம் என்று நினைக்கிறோம். இல்லை, காலால் உதைப்பதுதான் பாதிக்கு மேல். போன வருடம் பேரன் கூட்டிப்போன ஜிம்மில் படகு வலிக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. வீராப்பாக உட்கார்ந்து கையால் இழுத்தேன். இருநூறு மீட்டரில் நாக்கு தள்ளிவிட்டது. பயிற்சியாளர், இருபது வயதுப் பெண், “அங்கிள், காலை மறந்துட்டீங்க” என்றாள். சக்கரப் பலகை 1870களிலேயே வந்துவிட்டது. எனக்குச் செய்தி வந்து சேர நூற்றைம்பது வருடம் ஆகியிருக்கிறது.

கொழும்புக்குத் திரும்புகிறேன். கொழும்பு படகு வலிப்போர் மன்றம் தொடங்கியது 1864. அந்தப் பக்கம் சென்னையில் அடையாற்றங்கரையில் மெட்ராஸ் போட் கிளப் 1867. அந்தத் தெருவுக்கே போட் கிளப் சாலை என்று பெயர். தொடக்கத்தில் இரண்டும் வெள்ளைக்காரர்களின் மன்றங்கள்தான். 1898இல் இந்த இரண்டு மன்றங்களும் முதல் தடவை மோதின. கடல் கடந்து போய்ப் படகு வலிக்கும் பந்தயங்களில் ஆசியாவில் மிகப் பழையவற்றில் ஒன்று அது. இன்னொரு செய்தி, அதே 1898இல்தான் ஈப்போவில் ஒரு குழந்தை பிறந்தது. பின்னாளில் ஈழத்துத் தமிழர் ‘தந்தை செல்வா’ என்று கொண்டாடிய செல்வநாயகம். நம் ஈப்போவில் பிறந்து, தெல்லிப்பழையில் வளர்ந்து, பிறகு படித்த பள்ளிகளில் ஒன்று கொழும்பு புனித தோமஸ் கல்லூரி. அவர் துடுப்புப் பிடித்தார் என்று நான் சொல்லவரவில்லை. தோமஸ் கல்லூரி நமக்கு அந்நியமான பெயர் இல்லை என்று சொல்லத்தான் இது.

றோயல் கல்லூரி 1835இல் தொடங்கியது. பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் சகோதரர்கள் படித்த பள்ளி. தோமஸ் கல்லூரி 1851. இரண்டும் 1880 முதல் ஆண்டுதோறும் கிரிக்கெட்டில் மோதுகின்றன. ‘நீலங்களின் சமர்’ என்று பத்திரிகைகள் எழுதும். அந்த நாட்களில் கொழும்பில் வேறு எதுவும் நடக்காது. படகுப் பந்தயம் அதன் தம்பி. 1962இல் பேரே வாவியில் இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் முதல் தடவை பந்தயம் விட்டார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பள்ளிகளிடம் பெரிய ஆறு இல்லை. இருந்த வாவியும் நாற்றமடித்தது. ஆனால் எதிராளி இருந்தான். எண்பது வருடமாகக் கிரிக்கெட்டில் பார்த்து வெறுத்து, நேசித்துப் பழகிய எதிராளி. இந்த வருடம் தோற்றால் அடுத்த வருடம் இதே தண்ணீரில் பழிவாங்கலாம் என்ற நம்பிக்கைதான் அந்த மன்றத்தைப் பிழைக்க வைத்தது. எங்கள் ஈயக்குட்டையில் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. பழிவாங்க ஆள் இல்லை.

உலகத்தில் எங்கே பார்த்தாலும் பள்ளிப் படகு மன்றங்களின் கதை இப்படித்தான் போகிறது. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் கிராமர், ஸ்காட்ச் கல்லூரி என்ற இரண்டு பள்ளிகள் 1868இல் யாரா நதியில் மோதிக்கொண்டன. அந்தத் தகராறு இன்றுவரை தீரவில்லை, மற்றப் பள்ளிகளும் சேர்ந்து பெரிய பந்தயமாகிவிட்டது. நியூசிலாந்துக் கதை இன்னும் சுவை. இரண்டாம் உலகப் போரில் நியூசிலாந்துப் படை எகிப்தில் கெய்ரோவுக்குப் பக்கத்தில் மாடி என்ற இடத்தில் முகாம் போட்டிருந்தது. நம் ஊர் மாடி வீட்டு மாடி இல்லை, அது ஊர்ப்பெயர். சண்டைக்கு நடுவில் ஓய்வு கிடைத்தபோது அந்தச் சிப்பாய்கள் நைல் நதியில் படகு வலித்து, கெய்ரோ மன்றத்துக்காரர்களோடு பந்தயம் விட்டார்கள். அங்கே கிடைத்த கோப்பை ஊருக்கு வந்தது. 1947 முதல் அந்தக் கோப்பைக்காக நியூசிலாந்து உயர்நிலைப் பள்ளிகள் போட்டியிடுகின்றன. மாடி கோப்பை என்றே பெயர். இன்றைக்கு அந்த நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் திரளும் திருவிழா அது. ஐம்பது லட்சத்தைச் சுற்றி மக்கள் உள்ள அந்த நாடு ஒலிம்பிக் படகுப் பந்தயத்தில் பெரிய நாடுகளைத் தூக்கி அடிப்பதற்கு வேர் அந்தப் பள்ளித் திருவிழாவில் இருக்கிறது என்பது என் கட்சி.

இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளி பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியிலிருந்து படகு வலிக்கிறது. பணக்காரப் பள்ளி. தேம்ஸ் நதி போதவில்லை என்று தனக்கென்று ஓர் ஏரியே வெட்டிக்கொண்டது. டோர்னி ஏரி. 2006இல் வேலை முடிந்தது, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் படகுப் பந்தயங்கள் அந்தப் பள்ளி ஏரியில்தான் நடந்தன. நம் பள்ளி வாரியங்கள் கழிப்பறை கட்டவே மனு எழுதிக்கொண்டிருக்கின்றன, அதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஆனால் ஈட்டனைச் சொல்லிவிட்டு மார்லோவைச் சொல்லாமல் விடக்கூடாது. தேம்ஸ் கரையில் கிரேட் மார்லோ என்று ஒரு சாதாரண அரசுப் பள்ளி. அங்கே ஆங்கில ஆசிரியர் ஒருவர் படகுப் பிரியர். வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பையன் ஒருவன், கட்டட வேலைக்காரர் மகன், பெரிய கை கால். ஆசிரியர் அவனைக் கூப்பிட்டுப் படகில் உட்கார வைத்தார். ஸ்டீவ் ரெட்கிரேவ். 1984 முதல் 2000 வரை ஐந்து ஒலிம்பிக், ஐந்து தங்கம். அதில் 1992, 1996 இரண்டும் இருவர் படகு. கூட உட்கார்ந்து வலித்தவர் மாத்யூ பின்சென்ட், ஈட்டன் பள்ளி. அரசுப் பள்ளிப் பையனும் ஈட்டன் பையனும் ஒரே படகில். இங்கே ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். படிப்பில் பின்வரிசையில் இருந்த பையனைத் தண்ணீரில் முன்வரிசைக்கு அனுப்பியது ஓர் ஆங்கில வாத்தியார் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

செங்கல் கதை ஒன்று பாக்கி இருக்கிறது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற ஊரில் இதைச் சொல்லாமல் இறங்கினால் பாவம். 1920இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜான் கெல்லி என்பவர் இங்கிலாந்தில் ஹென்லி பந்தயத்தில் தனிப் படகு ஓட்ட விண்ணப்பித்தார். கொத்தனார் வேலை பார்த்து முன்னுக்கு வந்தவர். ஹென்லி விதிப்படி கைவேலைக்காரன், கூலிக்காரன் யாரும் கனவான்களோடு போட்டியிடக் கூடாது. உடல் உழைப்பால் உரம் ஏறிய தோள் நியாயமற்ற வசதியாம்! அவருடைய மன்றத்தின் மீதும் பழைய தடை ஒன்று இருந்தது. ஆக, விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அந்த வருடம் ஹென்லியில் வென்றவர் ஜாக் பெரஸ்போர்டு. சில வாரம் கழித்து ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அதே பெரஸ்போர்டைக் கெல்லி தனிப் படகில் ஒரு நொடி வித்தியாசத்தில் ஜெயித்தார். அன்றே தன் உறவினரோடு இருவர் படகிலும் தங்கம். 1936இல் ஆஸ்திரேலியாவின் எட்டுப் பேர் குழுவையும் ஹென்லி உள்ளே விடவில்லை, அவர்கள் போலீஸ்காரர்கள். அடுத்த வருடம்தான் அந்த விதியை எடுத்தார்கள். 1947இல் கெல்லியின் மகன் அதே ஹென்லியில், அப்பாவுக்கு மறுத்த அதே பந்தயத்தை வென்றான். மகள் கிரேஸ் கெல்லியை உங்களில் மூத்தவர்கள் திரையில் பார்த்திருப்பீர்கள்.

இந்த விதியைப் படித்தபோது எனக்கு 1857இன் 87 பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். கிள்ளான் ஆற்றில் கோல் ஊன்றியவன் கூலி. தேம்ஸில் துடுப்பு வலித்தவன் வீரன். தண்ணீருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நம் தாத்தாக்கள் தோட்டத்தில் உடம்பு நோக உழைத்ததால்தானோ என்னவோ, பிள்ளை உடம்பு நோகாமல் ஆபீஸில் உட்கார வேண்டும் என்று ஒரு வேகம் நமக்கு. விளையாட்டுக்கு அனுப்பினால் படிப்பு கெடும் என்று சொல்லும் பெற்றோரை நான் முப்பது வருடம் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் டாக்டர் ஜெகதீசன் 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வாங்கியவர், மருத்துவரும் அவரே. படிப்பு எங்கே கெட்டது?

தண்ணீர் இல்லை என்ற சாக்கும் இனி செல்லாது. ஆற்றைச் சேறாக்கிய அதே ஈயம்தான் நமக்கு ஏரிகளையும் விட்டுப் போயிருக்கிறது. தித்திவங்சா ஏரி பழைய ஈயக்குட்டை. செர்டாங் பக்கத்து மைன்ஸ் ஏரி ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களில் ஒன்று. புத்ராஜெயாவில் மனிதன் வெட்டிய ஏரியில் டிராகன் படகுப் பந்தயம் நடக்கிறது. அந்தப் படகில் இருபது பேர் வரை வலிக்கிறார்கள், ஒருவர் முரசடிக்கிறார். நம் ஊர் ‘ஐலசா’வுக்கு உறவுக்காரன் அது. பந்தயப் படகு விலை அதிகம், ஒப்புக்கொள்கிறேன். டிராகன் படகை நாலு பள்ளி சேர்ந்து வாடகைக்கு எடுக்கலாம். சிங்கப்பூர் எவ்வளவு சின்ன ஊர்! 2016 ரியோ ஒலிம்பிக்கில் சைதா ஆயிஷா என்ற பெண் தனிப் படகு வலித்தார், அந்த நாட்டிலிருந்து படகுப் பந்தயத்துக்குப் போன முதல் ஆள்.

ஒரு நிபந்தனை மட்டும். நீச்சல் தெரியாத பிள்ளையை எந்தப் படகிலும் ஏற்றாதீர்கள். ஈயக்குட்டைகளில் பறிகொடுத்த பிள்ளைகளின் வீட்டுக்கு நான் ஆசிரியனாகப் போய் நின்றிருக்கிறேன். அந்தத் திண்ணையில் உட்கார்ந்தவனுக்கு இந்த விஷயத்தில் வேடிக்கை கிடையாது. அன்று நீச்சல் தெரியாமல் பதினான்கு பேரைத் தண்ணீருக்குக் கூட்டிப்போனது நான் செய்த தவறு. பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்பதால் அது தவறில்லை என்று ஆகிவிடாது.

மன்றம் தொடங்குவது அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ நடக்கட்டும். அதற்கு முன்னால் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விக்டோரியா இன்ஸ்டிடியூஷனில் 1923இலேயே பள்ளி இதழ் தொடங்கினார்கள். அதனால் யார் எந்த வருடம் எந்த ஓட்டத்தில் ஜெயித்தார்கள் என்று இன்றைக்கும் புரட்டிப் பார்க்க முடிகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் தமிழ்ப்பள்ளிகளின் கால்பந்துக் குழுக்களும், கபடிக் குழுக்களும், ஓட்டக்காரர்களும் என்ன செய்தார்கள் என்று எங்கே புரட்டுவது? தோட்டம் விற்றபோது பள்ளி இடம் மாறியது, பள்ளி மாறியபோது அலமாரி தொலைந்தது. நான் நோட்டைத் தொலைத்தவன், அதனால் எனக்கு இதைச் சொல்லத் தகுதி உண்டு.

உங்கள் வீட்டில் பழைய பள்ளி மலர், நற்சான்றிதழ், குழுப் படம், கோப்பை எது இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படத்தின் பின்பக்கம் பென்சிலால் யார் யார் என்று இன்று இரவே எழுதி வையுங்கள். வலமிருந்து இடமா, இடமிருந்து வலமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவாருங்கள், நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தருகிறோம். இந்தக் கூட்டத்திலோ, இதை அச்சில் படிப்பவர்களிலோ, 1980களில் கிள்ளான் பக்கத்து ஈயக்குட்டை ஒன்றில் நீச்சல் தெரியாத ஒரு வாத்தியாரோடு சனிக்கிழமைகளில் கேனோ வலித்தவர்கள் யாராவது இருந்தால், எனக்கு இன்னும் ஐந்து பெயர்கள் வேண்டும்.